இருபத்திரண்டு தூண்குழிகள்

மழையே காணாத அந்த யூலையில், ஐரோப்பிய நகரொன்றின் புறநகரான புருசெத்தில் தன் ஆறாம் மாடி பால்கனியிலிருந்து கீழே பார்த்த ஆரபி, வைக்கோல் நிறமாகக் கருகிக் கிடந்த புல்தரையின் ஓரத்தில் தட்டளவு வட்டமொன்று மட்டும் கரும்பச்சையாக இருப்பதைக் கண்டாள். மறுநாள் நான்கு வட்டங்கள். அதற்கு மறுநாள் பதினொன்று, இரண்டு நேர்வரிசைகளில்.

அந்த வரிசைகளை அவளுக்குத் தெரியும். விமானத்திலிருந்து எடுக்கும் நிலப்படங்களை ஆராய்வது அவள் வேலை. போன கோடையில், நகருக்கு வெளியே ஒரு பார்லி வயலின் படத்தில் இதேபோல் இருபத்திரண்டு வட்டங்கள் தெரிந்தன. பழங்கால மக்கள் வீடு கட்டத் தூண் நட்ட குழிகள் அவை. ஒருமுறை ஆழத் தோண்டிய மண்ணில் ஈரம் தங்கும். மூவாயிரம் ஆண்டு கழிந்தும், வறட்சியில் அதன் மேலுள்ள பயிர் மட்டும் பச்சையாக நிற்கும். தொல்லியலாளருக்குத் தெரிந்தால் அங்கே புதுக் கட்டடம் எழும்பாது. மேலாளர் ரங்கராஜன், சென்னைக்காரர், அவள் மேசையருகே குனிந்து, "க்ளீன் பண்ணிடுங்க ஆரபி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். படத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். வசந்தத்தில் இயந்திரங்கள் அந்த வயலை அள்ளிக்கொண்டு போயின.

ஐந்தாம் நாள், கீழே இருபத்திரண்டும் நிறைந்தன. சன்னல்களை அடைத்த பின்னும் ஈரமண்ணும் கருகிய தானியமும் கலந்த புகை மணந்தது. சுவருக்குள் யாரோ பெருமரங்களை இழுத்து இழுத்து அடுக்குவதுபோல் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ரங்கராஜனை அழைத்தாள். அவர் மனைவி வனஜா எடுத்தாள். நேற்றுக் காலை வெறுங்காலோடு வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை, போலீசில் சொல்லியிருக்கிறது என்றாள்.

"போறப்போ ஒண்ணு சொன்னாருங்க. அவங்க வீட்டைத் திருப்பிக் கேக்கிறாங்கன்னு."

"அந்த வீட்டை அழிச்சது நான்தான் அக்கா," என்று சொல்லி ஆரபி தொலைபேசியை வைத்தாள்.

மாலை ஏழு மணி. வெயில் இறங்கவில்லை. கீழே பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஒருவர்கூட வட்டங்களை மிதிக்கவில்லை. முதல் வட்டத்தில் ஏதோ நட்டிருந்தது. தூண்போல.

இறங்கிப் போனாள்.

ரங்கராஜன். இடுப்புவரை மண்ணுக்குள். கைகள் தலைக்கு மேலே, உள்ளங்கைகள் விரிந்து. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. வாய் நிறைய மண்.

ஓட நினைத்தாள். கால் எழவில்லை. குனிந்து பார்த்தாள். நின்றது இரண்டாம் வட்டத்தில். பச்சைப் புல். குளிர். கணுக்கால் புதைந்தது. முழங்கால்.

அவளுடைய கைகள் தாமாகவே உயர்ந்தன. அவற்றின்மேல், கனமாக, உத்தரம்போல் எதையோ ஏற்றி வைத்தார்கள்.