இரண்டாவது பூச்சு

அந்தப் பழைய அரங்கத்தின் பின்வாசலில் அத்தையின் கார் வந்து நின்றபோது மணி பகல் பன்னிரண்டு. காரிலிருந்து முதலில் இறங்கியது அத்தையின் பேச்சு. பிறகு ஏழு பெட்டிகள். பிறகு அத்தை. கடைசியாக, முகத்தில் வெயில் படக் கூடாதென்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, போலீஸ் பிடித்துவரும் திருடன் மாதிரி வாண்டு இறங்கினாள்.

வாண்டு என்று பெயர்தானே தவிர, ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம். குழந்தையில் வைத்த செல்லப்பெயர். அவள் வளர்ந்த வேகத்தில் அதை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தாறு. அதற்குமேல் அழகிப் போட்டி மேடையில் ஏற விதி இடம் தராது. இன்று மூன்று மணிக்கு நடப்பதுதான் அவள் எட்டிப் பிடித்த முதல் இறுதிச்சுற்று. கடைசியும் அதுவே.

அத்தை அழகுநிலையம் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. அதற்குள் அவள் ஊர்ப் பெண்களின் முகத்தில் பூசிய களிமண்ணை ஒரே இடத்தில் குவித்திருந்தால் மலையாகி, உச்சியில் பனிகூடப் பெய்திருக்கும். வாயைத் திறந்தாளென்றால் சுவர்க் கடிகாரமே முள்ளை மடக்கிக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்துவிடும்.

ஒப்பனை அறையில் பதினோரு போட்டியாளர்கள், அவர்களுக்குப் பதினோரு ஒப்பனைக்காரர்கள், எல்லாருக்குமாக ஒரே ஒரு குழாய். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேராக வாட்ச்மேனிடம் போனாள்.

"அண்ணே, தண்ணி வர்ற ரூம் ஒண்ணு வேணும், கதவு இருக்கிற ரூம் ஒண்ணு வேணும். ரெண்டும் ஒரே ரூமா இருந்தா ரொம்ப சௌகரியம்."

வாட்ச்மேன் பிடரியைச் சொறிந்தார். "பின்னாடி பழைய மேக்கப் ரூம் ஒண்ணு இருக்கும்மா. யாரும் போறதில்ல."

"ஏன், பேய் இருக்கா?"

"நாற்காலி இருக்கு. சாஞ்சு உக்கார்ற நாற்காலி. உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராதுன்னு சொல்லுவாங்க."

"இவ அப்பாவுக்கு எங்க வீட்ல எல்லா நாற்காலியும் அப்படித்தான்," என்றாள் அத்தை. "சாவியைக் குடுங்க."

நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது அந்த அறை. சன்னலுக்கு எப்போதோ கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி நாற்பது பல்புகள், எரிந்தவை மூன்று. பழைய பவுடர் வாசனை காற்றில் தங்கியிருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, பூங்கொத்தை எடுத்துப் போட்ட பிறகும் ஜாடியில் பல நாள் நிற்கும் தண்ணீரின் வாடை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இங்கே தரை செருப்பைத் தாண்டிச் சில்லிட்டது.

"ஏசி போட்ட மாதிரி இருக்குடி," என்று அத்தை மகிழ்ந்தாள். "சாஞ்சுக்க."

வாண்டு சாய்ந்தாள். நாற்காலி அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி உள்வாங்கிக்கொண்டது.

முதலில் நகம். பத்து விரலுக்கும் சாயம் பூசி, இரண்டு கைப்பிடிகளிலும் விரித்து வைத்தாயிற்று. அடுத்து முடியை இழுத்துக் கட்டினாள். பிறகு கிண்ணத்தில் சாம்பல் நிறக் களிமண்ணைப் பன்னீர் விட்டுக் குழைத்து, மோவாயில் தொடங்கி மேல்நோக்கிப் பூசினாள். அத்தையின் சட்டம் அது. "கீழேருந்து மேலதான் போகணும். மேலேருந்து கீழ இழுத்தா சதை தொங்கிடும். செத்தவங்களுக்குத்தான் அப்படித் தடவுவாங்க." தபால் அட்டைக் கனத்துக்கு ஒரே பூச்சு. மூக்குத் துவாரம், உதடு, கண் மூன்றுக்கும் இடம் விட்டு, இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்தாள். வாண்டின் உலகம் அதோடு இருண்டது.

"இருபது நிமிஷம். பேசாத. சிரிக்காத. போன தடவை மாதிரி இளிச்சு வச்சேன்னா முகமெல்லாம் கோடு விழுந்து, மேடையில உன்னை ரோடு மேப்புன்னு நினைச்சுக்குவாங்க."

வாண்டின் வயிறு குலுங்கியது.

"சிரிக்காதடீ!"

அத்தை குழாயைத் திருகினாள். அது இரண்டு முறை இருமி, ஏதோ ஒரு சொட்டைத் துப்பிவிட்டு ஓய்ந்தது. "இதுக்கும் வயசாயிடுச்சு. இரு, முன்னாடி போய் ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வரேன். நான் வர்ற வரைக்கும் அசையாத. யோசிக்கவும் செய்யாத, புருவம் சுருங்கும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அத்தையின் செருப்பும் பேச்சும் நடைபாதையில் தேய்ந்து போயின.

களிமண் காயத் தொடங்கியது. கன்னத்தை யாரோ மெல்லக் கிள்ளி இழுப்பது போன்ற அந்தச் சுகமான பிடிப்பு. பல்பு ஒன்று விர்ரென்று முனகியது. நாற்காலி சொகுசாகத்தான் இருந்தது. வாண்டுக்குக் கண் சொக்கியது.

அப்போது கிண்ணத்தில் களிமண் குழையும் சத்தம் கேட்டது.

சளக். சளக். சளக்.

அத்தை அதற்குள் வந்துவிட்டாளா என்று நினைத்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லையே. அதைவிட வியப்பு இன்னொன்று. அறைக்குள் அத்தை இருக்கிறாள், ஆனால் பேசவில்லை. வாண்டு பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை.

ஒரு விரல் அவள் நெற்றியில் பட்டது.

ஐஸ் பெட்டியில் ஒரு வாரம் கிடந்த விரல் அது. ஈரமான, கனத்த களிமண்ணோடு, காய்ந்துகொண்டிருந்த பூச்சின் மேல் அழுந்தி, மெல்ல நகர்ந்தது.

மேலிருந்து கீழே.

நெற்றியிலிருந்து மூக்கு. மூக்கிலிருந்து மோவாய். மறுபடியும் நெற்றி.

மேலிருந்து கீழே.

ஜாடித் தண்ணீரின் வாடை இப்போது முகத்துக்கு மிக அருகில் இருந்தது. 'இரண்டாவது பூச்சு எதற்கு அத்தை?' என்று கேட்க வாண்டு உதட்டைப் பிரித்தாள். அந்த இடைவெளியிலேயே ஒரு விரல் களிமண்ணை வைத்து அடைத்தது. காதோரம் ஒரு குரல் கேட்டது. மூச்சே இல்லாத குரல்.

"பேசாதே. கோடு விழும்."

அது அத்தையின் குரல் இல்லை.

அதே கணத்தில் கதவு தடதடவென்று அதிர்ந்தது. வெளியிலிருந்து, முழு வாயோடு, அத்தை.

"வாண்டு! எதுக்குடி உள்ள தாழ்ப்பாள் போட்ட? கையில பக்கெட்டோட நிக்கறேன், திற!"

வாண்டின் நெஞ்சு அடித்த அடியில் அரங்கத்தின் முன்வரிசை நாற்காலிகள் ஆடியிருக்க வேண்டும். நகச்சாயம் நாசமாகப் போகட்டும் என்று கைகளைத் தூக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

வலது கையின் மேல் ஒரு கை. இடது கையின் மேல் ஒரு கை. விரலோடு விரல் கோத்து, கைப்பிடியோடு அழுத்திப் பிடித்திருந்தன.

நெற்றியில் பூச்சு நிற்கவில்லை.

மூன்றாவது கை, மேலிருந்து கீழே.

"வாண்டு? தூங்கிட்டியா? அண்ணே, இங்க வாங்க, இந்தக் கதவு திறக்க மாட்டேங்குது!" தோள் மோதும் ஓசை. வாட்ச்மேனின் குரல்: "தாழ்ப்பாளே கிடையாதும்மா இந்தக் கதவுக்கு."

களிமண் கனத்துக்கொண்டே போனது. காதை மூடியது. கழுத்தில் இறங்கியது. வைக்க வைக்கக் கல்லாக இறுகியது. வலது மூக்குத் துவாரம் அடைபட்டது. மிச்சமிருந்த ஒற்றைத் துவாரத்தில் அவள் மூச்சு ஊசிமுனையாய் உள்ளே போய் வந்தது. ம்ம், ம்ம் என்று தொண்டைக்குள் கத்தினாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே சாவித்துவாரத்தின் தகடு விலகும் மெல்லிய சத்தம். அத்தை குனிந்து உள்ளே பார்க்கிறாள்.

அத்தை பேச்சை நிறுத்தினாள்.

அதுதான் வாண்டை உயிரோடு கொன்றது. எதைப் பார்த்தால் அத்தையின் வாய் மூடும்?

"எனக்கு இன்னும் காயல," என்றது குரல், குறைப்பட்டுக்கொள்ளும் குழந்தை போல. "ஒட்டிக்கிறேன். சேர்ந்து காயலாம்."

பிறகு ஒரு முகம் அவள் முகத்தின் மேல் வந்து படிந்தது.

நெற்றிக்கு நெற்றி. மூக்குக்கு மூக்கு. கன்னத்துக்குக் கன்னம். இத்தனை கனத்த மண்ணைத் தாண்டியும் அதன் குளிர் பல்லில் கூசியது. இடது துவாரம் பாதி மூடியது.

கதவுக்கு வெளியே ஒரு பெருமூச்சு. அத்தையின் குரல் வந்தது. நடுங்கிய குரல்தான், ஆனாலும் அவள் அதை இழுத்துப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வாண்டு. நீ பேச வேணாம். முகத்துல மண்ணு இறுகிடுச்சுன்னு தெரியுது. உங்கப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கின கதை ஒண்ணு இருக்கு. கேட்டுக்கோ."

வாட்ச்மேன் ஏதோ முணுமுணுத்தார். "சும்மா இருங்கண்ணே, எனக்குத் தெரியும்," என்றாள் அத்தை.

"உங்கம்மாவை முதல்முதலா பாக்கப் போன அன்னைக்கு உங்கப்பன் என் டப்பாவைத் திருடி முகத்துல பூசிக்கிட்டான். வெளுப்பாக்குற க்ரீம்னு நினைச்சுட்டான் மடையன். அது முடி எடுக்குற க்ரீம்டி! துண்டால துடைச்சான் பாரு, மீசை முழுசா துண்டோட வந்துடுச்சு. ஓன்னு அழுவுறான். நான்தான் புருவப் பென்சில் எடுத்து ஒரு மீசை வரைஞ்சு விட்டேன். என்ன மீசைங்கற, ராஜா மீசை! போய் கம்பீரமா உக்காந்தான். உங்க தாத்தா காபி குடுத்தாரு. ஒரே மடக்கு. தாத்தா டம்ளரைப் பாக்குறாரு, இவன் மூஞ்சியைப் பாக்குறாரு, மறுபடி டம்ளரைப் பாக்குறாரு. ரொம்ப மரியாதையா சொன்னாரு: 'மாப்ளே... மீசையைக் காபியிலயே விட்டுட்டீங்க.'"

வாண்டு செத்துக்கொண்டிருந்தாள். மூச்சு முக்கால்வாசி நின்றுவிட்டது. இருந்தாலும் மீசையை எந்நேரமும் முறுக்கிக்கொண்டு திரியும் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த முகம் மீசையில்லாமல் விழிக்கிறது.

அடிவயிற்றில் ஒரு குலுக்கல். அடக்க முடியவில்லை. வயிறு நெஞ்சுக்குத் தள்ளியது, நெஞ்சு தொண்டைக்கு, தொண்டை கன்னத்துக்கு.

டப்.

வாய் ஓரத்தில் ஒரு விரிசல். அது கன்னத்தில் ஏறி, கண்ணோரம் போய், நெற்றியில் கிளை பிரிந்தது. காற்று நுழைந்தது. வாண்டு சிரித்தாள், இருமினாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அவள் மேல் படிந்திருந்த முகமும் குலுங்கத் தொடங்கியது.

சத்தம் ஒரு கணம் தாமதமாகவே வந்தது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போய்ப் பல காலம் ஆனவர்கள் சிரிப்பது போல, ஹ்... ஹ்... என்று.

கதவு தானாகத் திறந்துகொள்ள, அத்தையும் வாட்ச்மேனும் பக்கெட் தண்ணீரோடு உள்ளே விழுந்தார்கள்.

அறையில் வாண்டைத் தவிர யாரும் இல்லை. களிமண் கட்டைவிரல் கனத்துக்குப் பாளம் பாளமாக அவள் மடியில் கிடந்தது. அத்தை ஒன்றை எடுத்துத் திருப்பினாள். உட்புறத்தில் வாண்டின் மூக்கும் கன்னமும். வெளிப்புறத்திலும் ஒரு முகம் பதிந்திருந்தது. சின்ன மூக்கு, திறந்த கண், ஒவ்வொரு இமைமயிருக்கும் தனித்தனியாக ஒரு கோடு. அத்தை இரண்டு துண்டுகளை ஒட்ட வைத்துப் பார்த்தாள். உதடுகள் காதுவரை விரிந்திருந்தன.

"வீட்டுக்குப் போயிடலாம்டி," என்றாள் அத்தை.

"அடுத்த மாசம் எனக்கு இருபத்தாறு," என்றாள் வாண்டு, பல் தந்தியடிக்க. "வேற ரூம்ல மேக்கப் போடு அத்தை."

நாற்பது நிமிடத்தில், அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றபடியே அத்தை ஒப்பனையை முடித்தாள். கோடு கோணியபோதெல்லாம் அடுத்தவர்களைத் திட்டிச் சரிசெய்துகொண்டாள். வாண்டுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. "அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை," என்றார் நடுவர் ஒருவர். மேடையில் தான் சிரித்ததாகவே வாண்டுக்கு நினைவில்லை. பயத்தில் மறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஐந்து மணி வெயில் கார்க் கண்ணாடியில் மஞ்சளாக அடித்தது. சன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள். சாலையில் வண்டிகள் வழக்கம்போல ஹாரன் அடித்துச் சண்டை போட்டன. சாதாரண உலகம். வாண்டு பாட்டிலைத் திறந்து தண்ணீரை வாயில் கவிழ்த்தாள்.

அத்தைக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "நீ பேய் மாதிரி உக்காந்திருக்காதடி. உங்கப்பன் கதை இன்னும் ஒரு லாரி இருக்கு. கல்யாணத்தன்னைக்கு என்ன பண்ணினான் தெரியுமா? புதுச் சட்டையைப் போட்டுட்டு நேரா போய்..." சிக்னல் விழுந்தது. அத்தை பிரேக்கை மிதித்து, முன்னால் நின்றவனைத் திட்டத் தொடங்கினாள்.

"அப்புறம்?"

ஆவலான, ஈரமான குரல்.

வாண்டின் வாயில் பாட்டில் இருந்தது. வாய் நிறையத் தண்ணீர் இருந்தது.

"அப்புறம் என்ன," அத்தை சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கதை கேட்க ஆள் கிடைத்த உற்சாகத்தோடு தொடர்ந்தாள், "நேரா போய்ச் சமையல்காரர் பக்கத்துல நின்னான்..."

வாண்டு பாட்டிலை எடுக்கவில்லை. விழுங்கவும் முடியவில்லை. தோலுக்குள் ஏதோ மெல்ல இறுகிக் காய்வதை உணர்ந்தாள். கதை முடிவை நெருங்க நெருங்க, அவளைக் கேட்காமலேயே, அவளுடைய இரண்டு கன்னங்களும் சிரிப்பதற்காக விரியத் தொடங்கின.