வெறும் வயிறு

மருந்து சோப்பின் உறை பிரிந்து கிடந்தது.

ஆபரேஷனுக்கு வரும் காலையில் தேய்த்துக் குளிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த சோப்பு. தலைமாட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அவள் படுத்தாள். இப்போது குளியலறைத் தரையெல்லாம் தண்ணீர், சிவப்பு நுரை, மூக்கைத் துளைக்கும் மருந்து நெடி. கொடியில் அவளுடைய துண்டு தொங்கியது. லாண்டரி நடத்துகிறவள்; துணியைத் தொட்டாலே எப்போது நனைந்தது என்று சொல்லிவிடுவாள். துண்டில் உடம்புச் சூடுகூட இன்னும் ஆறவில்லை.

"யாருடி என் சோப்பைத் தொட்டது?"

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீதாம்மா இப்ப குளிச்சிட்டுப் போனே."

"நான் இப்பத்தான் எந்திரிச்சே வரேன்."

"சரிம்மா, திரும்பக் குளி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பித்தப்பைக் கல்லோடு மாதக்கணக்கில் சுருண்டு கிடந்தவள் அவள், அலுத்துக்கொள்வது இவர்கள். மிச்ச சோப்பைத் தேய்த்து, திட்டிக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள். சமையலறை மேடையில் ஈரம் காயாத டம்ளர். பக்கத்தில் பாதி கடித்த பிஸ்கட்.

"இது யாரு சாப்பிட்டது?"

பைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்த கணவர் குனிந்தபடியே சொன்னார். "நீதான் தாகமா இருக்குன்னு கேட்டே. ஒரு வாய்தானேன்னு குடுத்தேன்."

"வெறும் வயித்தோட வரணும்னு டாக்டர் கரடியா கத்தினாரே. மயக்கத்துல வாந்தி வந்தா மூச்சடைச்சு செத்துப் போயிருவேன். நான் போய் தண்ணி கேப்பேனா? என் மூஞ்சியப் பாத்தா குடுத்தீங்க?"

கணவர் ஜிப்பை விட்டு நிமிர்ந்தார். "திரும்பிப் பாக்கல. குரல் உன் குரல்தான்."

அதுதானே. இந்த வீட்டில் யார் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்? குரல் கேட்டால் பதில் வரும், சாப்பாடு வந்தால் கை நீளும். அவள் இடத்தில் ஒரு குத்துக்கல்லை நிறுத்தினாலும் 'சரிம்மா' என்றுதான் சொல்வார்கள். உள்ளறையில் யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்தார்கள். இடதுகாலை மட்டும் லேசாக இழுக்கும் நடை. அவளுடைய நடை.

காரில் மகள் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பின்சீட்டில் அவள் மட்டும்தான். ஆனால் பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கி, அப்படியே அமுங்கி இருந்தது. மருந்து சோப்பு நெடி. அவள் மேலிருந்து வருவதைவிடப் பலமாக, அந்தப் பக்கத்திலிருந்து. அவள் திரும்பவில்லை. கோபத்தைப் பல்லுக்கு நடுவே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதை விட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கண்ணாடி. மோதிரம். கட்டியிருந்த முன்பல் செட். தோளிலிருந்த பச்சைச் சால்வை. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போயின.

"குளிருதும்மா, சால்வையாவது இருக்கட்டுமே."

"உள்ள கூடாது. வெளிய உங்க ஆளுங்ககிட்ட குடுத்துடறேன்."

"அவங்களா? கவர்ல இருக்கறது யாருதுன்னுகூடப் பாக்க மாட்டாங்க."

நர்ஸ் சிரித்துக்கொண்டே ஊசி போட்டாள். தள்ளுவண்டி நகர்ந்தது. விளக்குகள் கரைந்து கரைந்து ஓடின. நாக்கு தடித்தது. தியேட்டர் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. கைகளைப் பட்டையால் கட்டினார்கள்.

கதவுக்கு வெளியே மகளின் குரல்.

"தண்ணி குடிச்சதால இன்னிக்கு வேண்டாம்னுட்டாங்கப்பா. அம்மாவைக் கூட்டிட்டுப் போலாம்."

அவள் தலையைத் திருப்பினாள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்கப்பால் மங்கலாக ஒரு பச்சை. கண் தெரியாவிட்டாலும் அது அவள் கையால் தேய்த்து மடித்த சால்வை.

நான் இங்க இருக்கேன். இங்க.

சத்தம் வரவில்லை. பல்லில்லாத வாயில் காற்றுதான் வந்தது. அதன் மேல் மாஸ்க் இறங்கியது.

"இவங்களுக்குத் துணைக்கு யாரு வந்திருக்கா?" தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் கேட்டார்.

"யாரும் வரலை சார்."

அவள் உதறினாள். பட்டை விடவில்லை. வெளியே கணவர் அந்தச் சால்வைக்காரியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கவரில் போன அந்த மூக்குக்கண்ணாடியை அதில் சரிசெய்து, நிதானமாகப் பார்த்தார். எத்தனை வருஷம் கழித்து.

பிறகு அவர் நகர்ந்துகொள்ள, அந்த முகம் கதவை நோக்கித் திரும்பியது. கிட்டே வந்தது. கண்ணாடியில் மூக்கு பதியும்வரை கிட்டே வந்து, அவளுடைய முன்பற்களைக் காட்டிச் சிரித்தது.