சத்தம் போடாத கார்

போன் அலறியது! ஸ்டேஷனிலிருந்து.

துப்பறியும் அதிகாரி மாரிட், தன் கார் மூக்கிலிருந்து, இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிக் கொண்டிருந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. மின்னசோட்டா குளிரில் ராத்திரி அந்த ஒயரைச் செருகாவிட்டால் காலையில் இன்ஜின் கிளம்பாது.

“மாரிட்! டுவேன் ஹாகருட் வீட்டுல ஒரு சாவு. அவனோட புதுப் பொண்டாட்டி அரசெலி. கராஜ்ல கார் ராத்திரி முழுக்க ஓடியிருக்கு... மாடியில தூங்கினவ புகையில போயிட்டா. விபத்துன்னு எழுதி முடிச்சிடச் சொல்றார் ஷெரிஃப்.”

பாலைவன அரிசோனா பெண். இருபத்தாறு வயது. இதுதான் அவளுக்கு முதல் பனிக்காலம்.

மாரிட் காரைக் கிளப்பினாள்.

ஹாகருட் வீட்டு கராஜில் வெள்ளி நிற ஹைப்ரிட் நின்றது. தீயணைப்புக்காரர்கள் பட்டனை அழுத்தி அணைத்ததோடு சரி... வேறெதையும் யாரும் தொடவில்லை.

அவள் காரைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் குனிந்தாள்.

நிமிர அரை நிமிஷம் ஆனது!

சமையலறையில் டுவேன் காபியோடு உட்கார்ந்திருந்தான்.

“இந்த மாடல்ல மூணு இன்ஜின் உண்டு, மேடம். வெறும் பெட்ரோல், ஹைப்ரிட், சார்ஜ் போட்டு ஓட்டுறது. நான்தான் ஹைப்ரிட் எடுத்தேன். நின்னா சத்தமே வராது. பேட்டரி இறங்கினா இன்ஜின் தானா ஓடும். அணைக்க மறந்திருப்பா...”

“தானா அணையற வசதி?”

“இருக்கு. அவதான் அதை எடுத்துவிட்டா. குளிருதாம்!”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“நேத்து மத்தியானமே ஏரிக்குப் போயிட்டேன், ஐஸ்ல மீன் பிடிக்க. அவ சாயங்காலம் ஆறு மணிக்கு வேலையிலேர்ந்து வந்திருப்பா. காலையில கதவைத் திறந்தேன்... புகை! உள்ள காலே வைக்கல.”

“பாவம். நம்ம ஊர் குளிர் பழகாதவ.”

“அதை ஏன் கேக்கறீங்க!” டுவேன் தலையில் அடித்துக் கொண்டான். “ஹீட்டர் ஒயரைச் செருகுடின்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு நாள்... ஒரே ஒரு நாள் செருகினதில்ல. தினமும் நான்தான்!”

மாரிட் அவனையே பார்த்தாள்.

“நேத்து ராத்திரி யாரோ செருகியிருக்காங்களே, டுவேன்.”

“எ... என்ன?”

“காரிலேர்ந்து ஒயர் இப்பவும் சுவத்து பிளக்குலதான் இருக்கு. அவ செருகினதே இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. ஓடற காருக்கு யாராவது ஹீட்டர் போடுவாங்களா? ஆறு மணிக்கு வந்தவ அணைச்சிட்டுத்தான் போனா. அவ தூங்கினப்புறம் ஏரியிலேர்ந்து ஒருத்தன் வந்தான்... ரெண்டாவது சாவியோட. பட்டனை அழுத்தினான். வெளிய போறப்ப, முப்பது வருஷப் பழக்கம்... கை தானா ஒயரைச் செருகிடுச்சு!”

காபிக் கோப்பை தரையில் விழுந்து நொறுங்கியது.

“அரிசோனாவுக்கே திரும்பிப் போறேன்னு சொன்னா, மேடம்... என்னை விட்டுட்டு...”

“போயிட்டா.”

விலங்கு பூட்டி, அவனைத் தன் காரின் பின்சீட்டில் தள்ளினாள் மாரிட்.

“இது வெறும் பெட்ரோல், டுவேன். நல்லாவே சத்தம் போடும். ஆனா ஒரு வசதி இருக்கு... பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது!”