நாடா போட்ட பாதை

வியாழக்கிழமை காலை பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றப் பின்கதவைத் திறந்த ஆனி மேரி, தோட்டத்தில் யாரோ நாடா கட்டியிருப்பதைப் பார்த்தாள்.

இரண்டு வெள்ளை நாடாக்கள். ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு இடைவெளி விட்டு, கரும்புக்கொல்லையின் ஓரத்திலிருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, நூல் பிடித்ததுபோல நேராக வந்து முருங்கை மரத்தடியில் நின்றிருந்தன. பத்தடிக்கு ஒரு மூங்கில் குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

சேதராப்பட்டுக் கம்பெனிக்கு முதல் ஷிப்டு கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் ஆரோக்கிய பிரகாஷ், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"பைபாஸுக்கு அளக்கறவனுங்க போட்டிருப்பானுங்க."

"கேக்காம கொள்ளாம நம்ம தோட்டத்துக்குள்ளயா?"

"கவர்மெண்டு வேல, இன்னா பண்ணுவ? புடுங்கிப் போடு. வந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

வண்டிச் சத்தம் வில்லியனூர் ரோட்டில் கரைந்த பிறகு அவள் இறங்கிப் போய்க் குச்சிகளைப் பிடுங்கினாள். கட்டில் பின்னுகிற நாடாவைப்போல முரட்டுப் பருத்தி. இரவு மழை பெய்யவில்லை, ஆனாலும் நாடா ஈரமாக இருந்தது. அதில் அப்பியிருந்த சேறு கருப்பாக, கொழகொழவென்று விரலில் ஒட்டியது. இந்தப் பக்கத்து மண் செம்மண். உருட்டிச் சுருட்டிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் அடிக்குமே, கருகிய வெடிமருந்து வாசனை, அது விரலிடுக்கில் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதும் சாக்பீஸ் பிடித்த கையிலிருந்து அந்த வாசனைதான் வந்தது.

எதனால் என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதைக் கிட்டே வரவிடாமல் கணக்கையே கவனித்தாள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் ஒரு காகிதத்தை எரித்திருந்தாள்.

ஊர்க் கோயிலுக்குப் புதிதாகச் சமூகக்கூடம் கட்டி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. முகப்புக் கல்லில் ஊருக்குப் பெருமை சேர்த்தவர் என்று யார் பெயரைப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது, பங்குச் சாமியாரிலிருந்து பாட்டுக் குழு வரை எல்லாரும் சொன்ன பெயர் ஆனியின் தாத்தா பாஸ்கலுடையது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் எல்லை தாண்டிக் கடலூருக்கு நடந்துபோய், இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாச் சண்டைக்குப் போய் மெடலோடு திரும்பிய ஹவில்தார் பாஸ்கல். "டீச்சர், உங்க தாத்தா சர்வீஸ் பத்தி விழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, ஆதாரத்தோட இருந்தா நல்லா இருக்கும்" என்று சாமியார் கேட்டுக்கொண்டார். ஆனி ஆறு மாதம் தேடினாள். மெடலின் விளிம்பில் இருந்த எண்ணை வைத்துக்கொண்டு, லண்டனில் பழைய பட்டாளக் காகிதங்களைத் தேடித் தருகிற ஒருவருக்கு எழுதிப் போட்டாள். கடைசியில் நான்கு பக்கம் மெயிலில் வந்தது. வில்லியனூரில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தாள்.

தாத்தா இருந்தது கண்ணிவெடி அகற்றும் பிரிவு. எஞ்சினியர் படையில் ஒரு மூலை. பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். மொத்தமே அறுபது பேர். தரையைத் தடவி, வெடியைக் கண்டுபிடித்து எடுத்து, சுத்தமான இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா போடுவது அவர்கள் வேலை. நாடாவுக்குள் நடந்தால் உயிருக்குப் பயமில்லை. மூன்றாம் பக்கத்தில் மெடலுக்கான காரணம் இருந்தது. மழையில் கருவிகள் கெட்டுப்போன நிலையிலும் ஹவில்தார் பாஸ்கல் விடிவதற்குள் பாதையைத் திறந்துகொடுத்தார்.

எப்படித் திறந்தார் என்பது நான்காம் பக்கத்தில் இருந்தது. அது முத்துசாமி என்ற கூலியாள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கொடுத்த வாக்குமூலம். கீழே பெருவிரல் ரேகை.

'நாங்கள் பன்னிரண்டு பேர். பர்மாவில் ரோடு போட வந்த தமிழ் ஆட்கள். ஹவில்தாரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நாடாவை அவரே போட்டார். போகலாமா என்று கேட்டோம். சுத்தமாக இருக்கிறது, கை கோத்துக்கொண்டு போங்கள் என்றார். தரையை யாரும் தடவிப் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அவர் நாடாவுக்கு வெளியே நின்று, போ போ என்று கையைக் காட்டினார்.'

ஒன்பது பேர் செத்தார்கள். அவர்கள் மிதித்த பிறகு பாதை சுத்தமாகிவிட்டது.

பஸ்ஸில் அவள் அந்தப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். தாத்தா சாகும்போது அவளுக்குப் பத்து வயது. பூசைக்குப் போகும்போது அவர் ஒருநாளும் முன்னால் நடந்ததில்லை. பிள்ளைகளை முன்னே விட்டுத்தான் வருவார். பேரப்பிள்ளைகள்மேல் எவ்வளவு பாசம் என்று ஊரே சொல்லும். ஏழு வயதில் வரப்பின்மேல் நடக்கும்போது பிடரியில் பதிந்திருந்த அந்தக் கையின் கனம் இப்போது அவளுக்குத் திரும்ப வந்தது. அது பிடித்துக்கொள்கிற கை இல்லை. தள்ளுகிற கை.

ஆனாலும் அவள் மூன்று பக்கங்களைத்தான் சாமியாரிடம் கொடுத்தாள். நான்காவது அடுப்பில் போனது. மெயிலையும் அழித்தாள். 'ஆபத்தில்லாத பாதை அமைத்தவர்' என்று தலைப்புப் போட்டு எழுதிக் கொடுத்தாள். கல்லிலும் அதையே வெட்டக் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நாடா மறுபடி இருந்தது. இந்தத் தடவை முருங்கை மரத்தைத் தாண்டித் துவைக்கிற கல் வரைக்கும் வந்திருந்தது. பிரகாஷ் எழுந்து வருவதற்குள் பிடுங்கிக் குழியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். புகைந்ததே தவிர பற்றவில்லை. குழியில் வியாழக்கிழமை போட்ட சுருளைக் காணவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. ஒருத்தர் நடக்கிற சத்தம் இல்லை. நிறையப் பேர், ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக, ஈரச் சேற்றில் காலை வைத்து எடுத்து வைத்து. சில அடிகள் சரியாக விழுந்தன. சில இழுபட்டன. சில இடத்தில் கால் விழவேண்டிய நேரத்தில் வேறு ஏதோ மொத்தென்று விழுந்தது. ஜன்னலைத் திறந்தாள். சத்தம் நின்றது. கரும்புச் சோகை மட்டும், காற்றே இல்லாமல், ஆடிக்கொண்டிருந்தது.

சாமியாருக்குப் போன் போடலாம் என்று எடுத்தாள். என்ன சொல்வது? கல்லை நிறுத்துங்கள் என்றால், ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் அந்தப் பக்கத்தை என்ன செய்தாய் என்பார். போனை வைத்துவிட்டாள். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

சனிக்கிழமை லீவு. பிரகாஷுக்கு ஓவர்டைம். காலையில் அவள் பின்கதவைத் திறக்கவே இல்லை. மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு, கொடியில் கிடந்த துணி ஞாபகம் வந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

நாடா படிக்கட்டில் ஏறியிருந்தது. இரண்டாவது படியில், அவள் நிற்கிற நிலைவாசலுக்கு ஒரு படி கீழே, இரண்டு குச்சிகள். சிமெண்டைத் துளைத்து நின்றன.

"டீச்சரம்மா!"

வேலிப் பக்கமாகப் பச்சையப்பன் வந்துகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் அரிவாள். இருபது வருடமாக அவர்கள் கொல்லையில் பாடுபடுகிறவர். அவர் பெண் அர்ச்சனா இந்த வருடம் பன்னிரண்டாவது. ஆனிதான் அவளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். அதற்காகவே அவர் ஆனியிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மழ வலுக்கறதுக்குள்ள சாஞ்ச கரும்ப ஒரு பார்வ பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா. இது இன்னா, வெள்ளையா?"

"சர்வேக்காரங்க போட்டது."

"கொல்லைக்குள்ளயும் போவுதா?"

"தெரியலண்ணே." அவள் நிலைவாசலை விட்டு இறங்கவில்லை. "எதுவரைக்கும் போவுதுனு பாத்துட்டு வர்றீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் உறைத்த அதே நொடியில் இன்னொன்றும் தோன்றியது. இவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். இன்றைக்குத் தூங்கலாம். நாளைக்குக் கல்லைத் திறக்கலாம். இவர் ஒருமுறை நடந்தால் போதும்.

பச்சையப்பன் நாடாவுக்குள் காலை வைக்கப்போனவர் நின்றார். என்னவோ அவருக்கும் பட்டிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினார்.

"மருந்து வாசன அடிக்குதே. போலாமாம்மா?"

இதுதான் நேரம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை.

"போங்கண்ணே. ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"நீ சொன்னா சரிம்மா."

அவர் நடந்தார். துவைக்கிற கல். முருங்கை. வேலி. ஆனி நிலைவாசலில், நாடாவில் கால் படாமல் ஒதுங்கி நின்றாள். கரும்பின் ஓரத்தில் அவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. காத்திருப்பது தெரிந்தது.

அவள் கை தானாக எழுந்தது. போ போ என்று காட்டியது.

கரும்பு அவருக்கு வழிவிட்டது. உண்மையில் வழிவிட்டது. நாடாவுக்கு இரண்டு பக்கமும் சோகையோடு சரிந்து, கொல்லையின் நடுவரைக்கும் நேரான சந்து ஒன்று திறந்தது. அதன் தரை செம்மண் இல்லை. கருப்பு. பச்சையப்பனின் கால் கணுக்கால் வரை புதைந்து புதைந்து எழுந்தது.

"டீச்சரம்மா," அவர் குரல் கேட்டது, சாதாரணமாக, யாரையோ வழியில் பார்த்த குரல். "இங்க ஆளுங்க கீறாங்கம்மா."

"யாரு?"

"தெரில. கூலிக்கு வந்தவங்க மாரி கீறாங்க. நம்ம பக்கத்துப் பேச்சுதான் பேசறாங்க."

அப்போது அவளுக்கும் தெரிந்தது. சந்தின் இரண்டு பக்கமும் கரும்போடு கரும்பாக நின்றவர்கள். இடுப்புத் துணி. எலும்பு. இடுப்புக்குக் கீழே பார்க்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பார்த்தாள். எண்ணினாள், கணக்கு டீச்சர், எண்ணாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கம் ஐந்து. அந்தப் பக்கம் நான்கு.

"அண்ணே, வந்துடுங்க." மறுபடி கத்தினாள். "வந்துடுங்கண்ணே! திரும்பிடுங்க!"

பச்சையப்பன் திரும்பவில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, அப்படியே நின்றுவிட்டார். எங்கும் சத்தம் இல்லை. ஒரு தவளைகூட இல்லை.

"அம்மா." அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "கால்ல என்னமோ அமுங்குதும்மா. டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு."

மழை விழத் தொடங்கியது. ஒன்பது பேரும் பச்சையப்பனைப் பார்க்கவில்லை. ஒருவரோடு ஒருவர் கை கோத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் முகத்தைத் திருப்பி, அவளைப் பார்த்தார்கள். கோபம் இல்லை எந்த முகத்திலும். காத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். உத்தரவுக்கு.

"டீச்சரம்மா, கால எடுக்கலாமா?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"நீ சொல்லும்மா. எடுக்கட்டுமா?"

அவருடைய முழங்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது.