பூட்டிய அச்சுகள்

மடிக்கணினித் திரையில் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன; அவற்றை அடைத்திருந்த பெட்டியின் ஓரத்து எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து அறையில் மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் கணவரின் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று ஒட்டியிருந்த, அசைவை அளக்கும் பட்டைகள் அனுப்புகிற புள்ளிகள் அவை. கால் கொஞ்சமாவது அசைவதைத் திரையில் காட்டினால் வீட்டிலேயே சிகிச்சை தொடரும். இல்லையென்றால் நாளை அவரை நோயாளிகள் பராமரிப்பு விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பிசியோதெரபிஸ்ட் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மத்தியான மழை ஜன்னலில் வழிந்தது. களிம்பு வாடையும் காயாத துணியின் வாடையும் வீடெங்கும் பரவி, அவள் தலைமுடியிலேயே குடியேறியிருந்தன. கணக்கு ஆசிரியை வேலையை அவருக்காக விட்டவள். அதையும் அவர் கிண்டலுக்குத்தான் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா," சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "உன் புள்ளி எழுந்திருச்சா, இல்ல என்னை மாதிரியே படுத்துக் கெடக்கா?"

"எழுந்திருச்சா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

தன்னை விடுதியில் தள்ளிவிட்டுக் கால் நீட்டிப் படுக்கலாம் என்றுதான் அவள் இதை ஆறப்போடுகிறாள் என்றார். உடம்பு விழுந்தும் நாக்கு விழவில்லை. அவள் திரையிலேயே கண்ணை வைத்திருந்தாள். அவர் சொன்னது பொய்யென்றால் மறுத்திருப்பாள்.

கோளாறு அப்போதுதான் பிடிபட்டது. மென்பொருள் ஒவ்வொரு காட்சிக்கும் வரைபட அச்சுகளின் எல்லையைப் புதிதாக அளந்துகொண்டிருந்தது. புள்ளிகள் நகர்ந்தால் பெட்டியும் கூடவே நகரும். பார்க்கிறவருக்கு எல்லாம் நிற்பதாகவே தெரியும். இதே தவறுக்காக மாணவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறாள். அவர் படுத்திருக்கும் அறையின் நீளம், அகலம், உயரத்தையே எல்லைகளாக எழுதி மூன்று அச்சுகளையும் பூட்டினாள். நேரலையை மறுபடி ஓடவிட்டாள்.

கட்டில் உயரத்தில் புள்ளிகள் படுத்துக் கிடந்தன. பிறகு கணுக்கால் புள்ளிகள் இரண்டும் தரைக்கு இறங்கின. இடுப்பு எழுந்தது. தோள்கள் அதற்கும் மேலே போயின.

நின்றுவிட்டார்.

அவளுக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். அதற்காகக் கூசிப்போய், மடிக்கணினியை ஏந்தியபடியே அந்த அறைக்கு ஓடினாள்.

அவர் படுத்துத்தான் கிடந்தார். வாய் திறந்திருந்தது. கண்கள் கூரையில் குத்தி நின்றன. கணுக்காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. முழங்காலை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. விறைத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்படியானால் இவ்வளவு நேரம் பேசியது?

பட்டைகள் ஒட்டிய இடத்திலேயே இருந்தன. அவற்றின் பச்சை விளக்குகள் மினுக்கின.

திரையைப் பார்த்தாள். புள்ளிகள் நடந்தன. கட்டிலைச் சுற்றி. ஒரு கால். இழுத்து இழுத்து, மறு கால். கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தன. அவள் நின்றிருந்த இடம்.

அங்கே நின்றன.

களிம்பு வாடை. பின்கழுத்தில்.

"நடக்கறேன்ல? நாளைக்கு அவங்ககிட்ட இதைக் காட்டு. நான் எங்கயும் போகமாட்டேன்."

கட்டிலில் கிடந்த வாய் அசையவில்லை. திரையில் மணிக்கட்டுப் புள்ளிகள் இரண்டும் மெல்ல உயர்ந்தன. இத்தனை மாதம் அவள் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்த அதே கனம், முழுசாக, அவள் தோள்களில் வந்து இறங்கியது.