கூறைச்சேலையின் மறுதலைப்பு

மூன்றாவது முறையாக மடித்து வைத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பு மறுபடியும் கசங்கியிருந்தது. மற்றத் தலைப்பு கடையில் மடித்துக் கொடுத்தபடியே விறைப்பாக இருக்க, இது மட்டும் யாரோ வெகுநேரம் கக்கத்தில் இடுக்கி வைத்திருந்ததுபோலச் சுருங்கி, லேசாக நனைந்து, வியர்வை வாடை அடித்தது.

"யாரும்மா இதை எடுத்துக் கட்டிப் பாக்கறது?" என்று நந்திதா கத்தினாள்.

"யாரும் தொடலை கண்ணு," என்றாள் அம்மா சென்னியம்மாள், சமையலறையிலிருந்து. "நீ அந்தக் கடைசி ரூம் கதவைச் சாத்திபோட்டு வா."

விடிந்தால் தம்பி தீபக்குக்குக் கல்யாணம். இன்று பொழுது சாய்ந்ததும் இணைச்சீர். அக்காக்காரி கூறைச்சேலையின் ஒரு தலைப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, தம்பி மறுதலைப்பைக் கையில் பிடித்து நிற்பான்; அதற்கப்புறம் அவன் பெறுகிற பிள்ளைமேல் அவளுக்கு உரிமை உண்டு என்பார்கள். தனக்குக் கல்யாணமே வேண்டாமென்று சொல்லிச் சொந்தக்காரர்கள் வாயில் விழுந்திருந்த நந்திதாவுக்கு இந்த உரிமையெல்லாம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் தீபக் அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவனுக்காகச் சரி என்றாள். மண்டபத்திலேயே முடித்துவிடலாம் என்றதற்குத்தான் அம்மா மசியவில்லை. கணபதி ஊரில், லேத் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் இந்த வீட்டில்தான் செய்யணுமாம். அதுவும் கடைசி அறையில்.

தாம்பாளம் எடுக்கப் பரணில் ஏறியபோது அப்பாவின் டைரிகள் கையில் தட்டுப்பட்டன. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் லட்சுமணசாமி. போன வருடம் சாகும்வரை தினம் ஒரு வரி எழுதினார். இந்தக் குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கிய தன்னைப் பற்றி மனுஷன் ஒரு வரியாவது எழுதியிருப்பாரா என்ற எரிச்சலில், தான் பிறந்த தேதியைப் புரட்டினாள்.

'சின்னவள் பிறந்தாள். இதை வைத்துக்கொள்வது என்று முடிவு.'

சின்னவளா? வீட்டுக்கு மூத்தது அவள்தானே?

முந்தைய வருடங்களைத் துழாவினாள். 'பெண். விடியுமுன் முடிந்தது. கடைசி அறையில், ஆட்டுக்கல்லுக்கு அடியில்.'

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரத்தில் அது அடிக்கிற சத்தத்துக்கு நடுவே கரண்ட் போனது. தேங்காயெண்ணெயும் இரும்புத்தூளும் கலந்து எப்போதும் அடிக்கிற வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை, சேலையில் அடித்த அதே வாடை, மெல்ல மேலேறி வந்தது. தான் பிறந்ததற்குப் பிந்தைய வருடங்களைச் செல்போன் வெளிச்சத்தில் படித்தாள்.

'பெரியவள் அழுகை. சின்னவளின் கவுனைப் போட்டதும் அடங்கினாள்.'

'பெரியவளுக்குப் பாவாடை.'

'பெரியவளுக்குத் தாவணி. சின்னவளைவிட ஒரு சாண் உயரம்.'

சின்ன வயதில் நந்திதாவின் துணிகள் காணாமல் போகும். பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்பாள் அம்மா. பரணின் மூலையிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்தாள். எல்லாம் அங்கேதான் இருந்தன. பூப்போட்ட கவுன். பச்சைப் பாவாடை. ஒவ்வொன்றிலும் கக்கத்தில் வியர்வைக் கறை. ஒவ்வொன்றும் தையல் பிரித்துப் பெரிதாக்கியது.

கடைசி டைரியின் கடைசி வரி: 'தீபக்கின் தலைச்சன் பிள்ளையைக் கேட்கிறாள். இணைச்சீர் அவள் கையால்தான் என்று வாக்குக் கொடுத்தாயிற்று.'

நந்திதா டைரியோடு சமையலறைக்குப் போனாள்.

"எங்கக்காளை என்னம்மா பண்ணுனீங்க?"

சென்னியம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "படிச்சவளாச்சே. படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டயல்ல."

"கொன்னுபோட்டு, கவுன் தெச்சுக் குடுத்தீங்களா? இப்ப தீபக்கோட கொழந்தையத் தூக்கிக் குடுக்கறீங்களா? வெக்கமா இல்ல?"

"கத்தாத அம்மணி. அவளுக்குக் கேக்கும்." அம்மாவின் குரல் சாதாரணமாக இருந்தது, காய் என்ன வைக்கலாம் என்று கேட்பதுபோல. "மொதல்ல அவ உன்னையத்தான் கேட்டா. வருசா வருசம் கேட்டா. உங்கப்பா மாட்டேன்னுட்டாரு. வேற என்ன குடுக்கறது, நீயே சொல்லு."

நந்திதா டைரியை மூடினாள். தான் உயிரோடிருப்பதற்கு விலை இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை.

"நான் புடிக்கறேன் அந்தத் தலைப்பை," என்றாள். "நான்தான் அவனுக்கு அக்கா. அவ இல்ல. தீபக் எங்கே?"

சென்னியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நீ கூப்பிட்டீன்னு சேலையை எடுத்துட்டு உள்ளே போனானே, கண்ணு."

நந்திதா ஓடினாள். கடைசி அறைக்குப் போகிற நடை நீளமாக இருந்தது. தரை ஈரமாக இருந்தது. அந்த வாடை இப்போது மூக்கை அடைத்தது.

கதவு திறந்திருந்தது.

தீபக்கின் முதுகு. வெள்ளை வேட்டி. நீட்டிய கையில் சேலையின் தலைப்பு.

"லூசா புடி அக்கா," என்று அவன் சிரித்தான், இருட்டைப் பார்த்து. "கை வலிக்குது."

நந்திதா செல்போனைத் தூக்கினாள். வெளிச்சம் பட்டதும் அவன் திரும்பினான். வாசலில் நிற்கும் நந்திதாவைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது.

மெல்ல, தன் கையைப் பார்த்தான்.

சேலை தொய்யவில்லை. விறைப்பாக நீண்டு, ஆட்டுக்கல்லைத் தாண்டி, வெளிச்சம் எட்டாத மூலைக்குப் போயிற்று. நந்திதாவின் கக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில்.

அங்கே, யாருமில்லாத இடத்தில், பட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசங்கிக்கொண்டிருந்தது.