பதினேழாவது சாவி

பதினேழாவது சாவியில் ஸ்கிரிப்ட் நின்றது. பழைய ரகசியத் தொடர் தவறு என்றது திரை.

ஸ்ரீதேவி அதையே கையால் தட்டிப் பார்த்தாள். தவறு. காலையில்கூட அதே தொடருக்குத் திறந்த சாவிதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் இருந்த அந்த அலுவலகக் கணினிகளில் நாற்பது மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகள் பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவிக் கோப்பு, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு தொடர். தொடர் தொலைந்தால் குறிப்புகளும் தொலைந்தன. அத்தனையையும் அமைத்த ஏசுபாதம் ஒன்பது நாட்களுக்கு முன் கடலில் குளிக்கப் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தொடர்களை எல்லாம் மாற்றிவிடச் சொன்னார் மேலாளர். ஒவ்வொன்றாக உட்கார்ந்து தட்டாமல், பழையதைக் கொடுத்துப் புதியதைப் பதியும் சிறு கணினி நிரலாக அந்த ஸ்கிரிப்டை அவள் எழுதியிருந்தாள்.

கோப்பு மாறிய நேரத்தைப் பார்த்தாள். மாலை 5.12. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினெட்டாவது, 5.13. பத்தொன்பதாவது, 5.14.

யாரோ அவளை முந்திப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஐப்பசி மழை. மூடிய ஜன்னல்களையும் மீறி, கரையொதுங்கி அழுகும் கடற்பாசியின் நாற்றம் அறைக்குள் மெல்லப் பரவியது.

காவலாளி செல்வராஜ் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், கெளம்பலியா? ஸ்டாஃப் பஸ்ஸு வந்துகினு கீது."

"உள்ள வேற யாராவது இருக்காங்களா அண்ணே?"

"யாரும் இல்ல. ஏசுபாதம் சார் ரூமு பூட்டிதான் கீது. உள்ள கீபோர்டு தட்ற சத்தம் மட்டும் கேட்டுகினே கீது. நீங்கதான் ஏதோ ஓட வுட்ருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் வாங்க. நான் போயி பஸ்ஸ நிறுத்தி வெக்கிறேன்."

அவர் காலடி ஓசை படியிறங்கி மழையில் கரைந்தது. இப்போது அவளுக்கும் கேட்டது, ஏசுபாதத்தின் பூட்டிய அறையிலிருந்து. நடைக்கோடியில். டக். டக். டக்.

திரையில் முப்பத்தொன்பதாவது சாவியும் மாறிவிட்டிருந்தது. குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

ஓசை நின்றது. நடைக்கோடியில் ஒரு கதவு திறந்தது. ஈரக் கால்கள். நெருங்கின. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

திரையில் ஒரு புது வரி. நாற்பதாவது சாவி. புதிய தொடரைத் தட்டவும்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

அவளுடைய கீபோர்டில் ஒரு விசை தானாக அமிழ்ந்தது. பிறகு இன்னொன்று. திரையில் எழுத்து எதுவும் தெரியவில்லை. விசைகளின் இடுக்கிலிருந்து உப்புநீர் கசிந்தது, மணலோடு.

மீண்டும் ஒருமுறை தட்டவும், என்றது திரை.

அவளது இரு தோள்களின் மேலாகவும், நனைந்த சட்டைக் கைகள் இரண்டு மெல்ல நீண்டன.